மோன்டெஃபெல்ட்ரோ: ஒரு மலைநாடும் அதை ஆண்ட குடும்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய மறுமலர்ச்சிக் கலையைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் ஃபிளாரன்ஸ், ரோம், வெனிஸ் என்று சுற்றிவிட்டு, ஏதோ ஓர் இடத்தில் உர்பினோ என்ற பெயரில் வந்து நிற்பார்கள். ஓவியர் ரஃபாயேல் பிறந்த ஊர். சிவப்புத் தொப்பியும் வளைந்த மூக்குமாகப் பக்கவாட்டில் தெரியும் அந்தப் பிரபுவின் ஊர். மலைக்குள் கிடக்கும் ஒரு சின்ன ஊரில் இத்தனையும் எப்படி நடந்தது என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். அந்தக் கேள்வியையும், அதைத் தொட்டு வரும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மோன்டெஃபெல்ட்ரோ என்பது இடத்தின் பெயரா, குடும்பத்தின் பெயரா?

இரண்டும்தான். முதலில் இடம், அப்புறம் குடும்பம். இத்தாலியின் முதுகெலும்பு போல ஓடும் அப்பெனைன் மலைகளிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலை நோக்கி இறங்கும் மேடுபள்ளமான நாடு இது. மரேக்கியா, கோன்கா, ஃபோலியா, மெடவுரோ ஆறுகள் இதை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. நடுவில் சான் லியோ என்ற செங்குத்துப் பாறை. ரோமானியர் காலத்தில் அங்கே ஜூபிடர் ஃபெரெட்ரியஸுக்குக் கோயில் இருந்தது என்றும், அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்துதான் மலைக்குப் பெயர் வந்தது என்றும் மரபாகச் சொல்வார்கள். 12ஆம் நூற்றாண்டில், பக்கத்து கார்பேன்யா பிரபுக்களின் ஒரு கிளை இந்தப் பகுதியைத் தன் பங்காக வைத்துக்கொண்டு, இடத்தின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டது.

இன்றைய வரைபடத்தில் இந்த நாட்டைத் தேடினால் ஒரே இடமாகக் கிடைக்காது. மார்கே, எமிலியா-ரோமான்யா, டஸ்கனி என்று மூன்று மாநிலங்களில் சிதறியிருக்கிறது. சான் மரினோ குடியரசும் பக்கத்திலேயே இருக்கிறது.

எவ்வளவு காலம் ஆண்டார்கள்?

13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் காலத்தில் உர்பினோ இவர்கள் கைக்கு வந்தது. 1508இல் ஆண்வாரிசு அற்றுப்போனது. நடுவில் துரத்தப்பட்டதும் திரும்பி வந்ததும் பலமுறை. 1508க்குப் பிறகு மகள்வழிப் பேரனான டெல்லா ரோவெரே குடும்பத்து வாரிசு ஆட்சியை ஏற்றார். அந்தக் கிளையும் 1631இல் முடிந்து, நாடு போப்பின் அரசோடு சேர்ந்துவிட்டது.

தாந்தேயின் நரகத்தில் வரும் குய்டோ இந்தக் குடும்பத்து ஆளா?

ஆமாம். நரகம், மீட்சியின் மலை, சொர்க்கம் என்று மூன்று உலகங்கள் வழியாக நடப்பதாக இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய நெடுங்கவிதையில் வருபவர். இந்தக் குடும்பத்தில் இத்தாலி முழுக்கப் பெயரெடுத்த முதல் போர்த்தலைவர் அவர்தான். அந்தக் காலத்து நகரங்கள் பேரரசர் கட்சி, போப் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தன. குய்டோ பேரரசர் கட்சி. 1282இல் ஃபோர்லி நகரைப் பிடிக்க வந்த போப்பின் படையை, அதிலிருந்த பிரெஞ்சு வீரர்களோடு சேர்த்து முறியடித்தார். தந்திரசாலி என்று பெயர் வாங்கியவர். தன் செயல்கள் சிங்கத்தின் செயல்கள் அல்ல, நரியின் செயல்கள் என்று அவரே சொல்வதாகத்தான் தாந்தே பாடுகிறார். வயதானதும் போப்போடு சமாதானமாகி, 1296இல் வாளைக் கீழே வைத்துவிட்டு பிரான்சிஸ்கன் துறவியானார். 1298இல் இறந்தார்.

தாந்தே அவரை ஒரு தீநாக்குக்குள் நிறுத்தி எரியவிடுகிறார். கவிதை சொல்லும் காரணம் இது: போப் எட்டாம் போனிஃபேஸ் தன் எதிரிகளின் பலெஸ்ட்ரினா நகரைப் பிடிக்க இந்தத் துறவியிடம் வழி கேட்டார். பாவம் வந்து சேருமே என்று தயங்கியவருக்கு மன்னிப்பையும் முன்கூட்டியே கொடுத்தார். நிறைய வாக்குக் கொடுங்கள், கொஞ்சமாக நிறைவேற்றுங்கள் என்று குய்டோ சொல்லிவிட்டார். அவர் இறந்ததும் உயிரை அழைத்துப் போகப் புனித பிரான்சிஸே வருகிறார். ஆனால் கறுப்புத் தேவதை ஒன்று குறுக்கே நின்று, 'வருந்தாதவனுக்கு மன்னிப்பு இல்லை. செய்யப்போகும் தவறுக்கு முன்னாலேயே வருந்தவும் முடியாது' என்று வாதாடி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மகன் புவன்கோன்டே கதை நேர் எதிர். 1289 ஜூன் 11இல் கம்பால்டினோ போரில் அவர் மாண்டார். எதிர்ப்படையில் நின்ற இளைஞர்களில் தாந்தேயும் ஒருவர். உடல் கிடைக்கவே இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாந்தே கற்பனையால் நிரப்புகிறார். தொண்டையில் காயத்தோடு ஆற்றங்கரை வரை நடந்து, மரியாளின் பெயரைச் சொல்லி விழுகிறார் புவன்கோன்டே. கடைசி நேரத்தில் சிந்திய ஒரு சொட்டுக் கண்ணீர் போதும் என்று தேவதூதன் அவரை எடுத்துக்கொள்கிறான். ஏமாந்த சாத்தான் கோபத்தில் பெருமழையைக் கொட்டி, உடலை ஆர்னோ ஆற்றில் உருட்டிவிடுகிறது. போப்பின் மன்னிப்பு வாங்கிய தகப்பன் நரகத்தில், யாருடைய மன்னிப்பும் இல்லாமல் செத்த மகன் மீட்சியின் மலையில். இந்த இரண்டு பாட்டையும் தனித்தனியாகப் படிக்காமல் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். தாந்தே இந்தக் குடும்பத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

விளைச்சல் குறைந்த மலையில் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். ஃபிளாரன்ஸுக்கு வங்கி இருந்தது, வெனிஸுக்குக் கப்பல் இருந்தது. உர்பினோவுக்கு இருந்தவை காடு, ஆடு, கொஞ்சம் தானியம். அப்புறம், மலையேறிப் பழகிய ஆண்கள். அந்த ஆண்களைத்தான் குடும்பம் ஏற்றுமதி செய்தது.

அந்தக் காலத்து இத்தாலிய அரசுகள் போருக்கு ஆளை ஒப்பந்தத்தில் எடுத்தன. அந்த ஒப்பந்தத்துக்குக் கோன்டோட்டா என்று பெயர். கையெழுத்துப் போடும் படைத்தலைவர் கோன்டோட்டியேரோ. இத்தனை குதிரை, இத்தனை காலாள், இத்தனை மாதம், இவ்வளவு தொகை என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். போர் இல்லாத காலத்துக்கும் ஒரு தொகை உண்டு. நல்ல தலைவரை எதிரி கூப்பிட்டுக்கொண்டு போய்விடக் கூடாதே. இந்தத் தொழிலில் 15ஆம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போனவர் ஃபெடெரிகோ டா மோன்டெஃபெல்ட்ரோ (1422–1482). நேபிள்ஸ், மிலான், ஃபிளாரன்ஸ், போப் என்று எல்லோருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் படை நடத்தினார். ஒப்புக்கொண்ட வாக்கை மீறாதவர் என்ற பெயர்தான் அவருடைய முதல். அந்தப் பெயருக்காகவே மற்றவர்களைவிட அதிகமாகக் கொடுத்தார்கள்.

பிறருடைய போரில் சம்பாதித்த பணம் மலைக்கு வந்தது. அதனால் சொந்தக் குடிமக்களை வரியால் கசக்க வேண்டியதில்லை. கோட்டை, அரண்மனை, தேவாலயம், பாலம் என்று கட்டிக்கொண்டே இருந்ததால் கல்தச்சருக்கும் மரத்தச்சருக்கும் வருடம் முழுக்க வேலை. படையில் சேர்ந்த மலைக்காரர்களும் கூலியோடு வீடு திரும்பினார்கள். உர்பினோவின் அழகை ரசிக்கும்போது, இதற்கான விலையைக் கொடுத்தது எங்கோ எரிந்த வேறு ஊர்கள் என்பதும் எனக்கு ஞாபகம் வரும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான்.

ஃபெடெரிகோ முறையான வாரிசா?

இல்லை. குய்டான்டோனியோ பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். குழந்தைப் பருவம் மெர்க்கடெல்லோ என்ற சிற்றூரில் கழிந்தது. பிறகு பணயமாக வெனிஸுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மான்டுவா போய், விட்டோரினோ டா ஃபெல்ட்ரே நடத்திய பள்ளியில் படித்தார். இலத்தீனும் கணிதமும் உடற்பயிற்சியும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. வசதியில்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அவருடைய அரசவை பின்னாளில் இருந்த விதத்துக்கு வித்து அந்தப் பள்ளியில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

ஆட்சிக்கு வந்த விதம் இரத்தம் தோய்ந்தது. முறையான வாரிசு, அவருடைய தம்பி ஓடான்டோனியோ. 1443இல் டியூக் பட்டம் பெற்றவர். மறு வருடம் ஜூலையில், இன்னும் இருபது வயதுகூட ஆகாத நிலையில், ஊரார் சதி செய்து அரண்மனைக்குள் புகுந்து கொன்றுவிட்டார்கள். உடனே ஃபெடெரிகோ நகர வாசலில் வந்து நின்றார். ஊர் கதவைத் திறக்கும் முன் நிபந்தனை போட்டது: கொலைகாரர்களைப் பழிவாங்கக் கூடாது, வரியைக் குறைக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. தம்பியின் சாவில் அவருக்குப் பங்குண்டா என்ற சந்தேகம் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

படங்களில் ஏன் எப்போதும் இடது பக்கம் மட்டும் தெரிகிறது?

1450இல் ஒரு குதிரைப் போட்டியில் ஈட்டி பட்டு வலக்கண் போய்விட்டது. அதனால்தான். மூக்கின் மேல்பகுதி படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருப்பதும் அந்தக் காயத்தோடு சேர்ந்தது. மிச்சமிருந்த கண்ணுக்குப் பார்வை மறைக்காமல் இருக்க அவரே மூக்கை வெட்டச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு.

பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த இரட்டைப் படத்தை, அதில் எதிரெதிரே இருக்கும் கணவன் மனைவியை, இன்று ஃபிளாரன்ஸின் உஃபிட்சி காட்சியகத்தில் பார்க்கலாம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கன்னத்து மருக்கள்கூட மறைக்கப்படவில்லை. இரண்டு தலைக்கும் பின்னால் வெளிறிய குன்றுகளும் ஒரு நீர்ப்பரப்பும் தொடர்ந்து விரிகின்றன. அவை மோன்டெஃபெல்ட்ரோவின் நிஜமான குன்றுகளே என்று ஆராய்ந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோணம் கிடைக்கும் இடங்களில் பார்வை மேடைகளும் அமைத்திருக்கிறார்கள். பலகையைத் திருப்பினால் பின்பக்கமும் ஓவியம்: அவருடைய தேரை வெள்ளைக் குதிரைகள் இழுக்கின்றன, அவளுடைய தேரை ஒற்றைக்கொம்புக் குதிரைகள். மனைவியைப் புகழும் வரிகள் மட்டும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த மனைவி யார்?

பட்டிஸ்டா ஸ்ஃபோர்ட்சா. 1460இல் கல்யாணம் ஆனபோது அவளுக்கு 14 வயது. அவருக்கு அதைவிட இருபதுக்கும் மேற்பட்ட வயது கூட. இலத்தீனும் கிரேக்கமும் படித்தவள். போப் இரண்டாம் பயஸ் முன்னால் இலத்தீனில் உரையாற்றியவள். கணவர் வருடத்தில் பாதி நாள் போர்க்களத்தில் இருந்ததால், நாட்டை உண்மையில் நடத்தியது அவள்தான். பெண் குழந்தைகள் வரிசையாகப் பிறந்தன. கடைசியில் 1472 ஜனவரியில் ஆண்குழந்தை குய்டோபால்டோ. அதே வருடம் ஜூலையில் குப்பியோ நகரில் நோய் கண்டு 26 வயதில் இறந்தாள். உர்பினோவின் வரலாறு எழுதுபவர்கள் ஃபெடெரிகோவின் பெயருக்குப் பக்கத்தில் இவள் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஃபெடெரிகோ நல்லவர்தானா?

அவரிடம் சம்பளம் வாங்கியவர்களும், அவருக்குப் புத்தகம் விற்ற ஃபிளாரன்ஸ்காரரான வெஸ்பாசியானோ டா பிஸ்டிச்சியும் எழுதியதைப் படித்தால் அப்பழுக்கற்றவர் என்று தோன்றும். ஆயுதமோ காவலோ இல்லாமல் சந்தையில் நடப்பார், கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று விசாரிப்பார், சாப்பாட்டு வேளையில் பழைய ரோமானிய ஆசிரியர் லிவி எழுதிய வரலாற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் வோல்டெர்ரா இருக்கிறது. 1472இல் படிகாரச் சுரங்கத் தகராறில் அந்த ஊரை அடக்க ஃபிளாரன்ஸ் இவரை வேலைக்கு எடுத்தது. ஊர் சமாதான ஒப்பந்தத்தோடு சரணடைந்தது. அதன் பிறகும் படைவீரர்கள் உள்ளே புகுந்து கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். ஃபிளாரன்ஸ் அவருக்கு விழா எடுத்து வெள்ளித் தலைக்கவசம் பரிசளித்தது. மனைவி செத்தது இதற்குச் சில வாரங்களுக்குள்தான்.

1478இல் ஃபிளாரன்ஸில், அந்த நகரத்தைத் தன் பிடியில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்துச் சகோதரர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே குத்திய பாட்ஸி சதியிலும் இவர் கை இருந்தது. 2000களின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் மார்செல்லோ சிமோனெட்டா, சங்கேத எழுத்தில் இருந்த ஃபெடெரிகோவின் கடிதம் ஒன்றை உடைத்துப் படித்தார். ஃபிளாரன்ஸுக்கு வெளியே 600 வீரர்களோடு காத்திருக்க இவர் ஏற்பாடு செய்திருந்தது அதில் தெரியவந்தது. சந்தையில் கடைக்காரரை நலம் விசாரித்தவரும் இவர்தான், அந்தக் கடிதத்தை எழுதியவரும் இவர்தான். ஒருவரை வைத்து மற்றவரை அழிக்க நான் முயல மாட்டேன்.

உர்பினோ அரண்மனையில் அப்படி என்ன சிறப்பு?

ஊரைவிட்டுத் தனித்து நிற்கும் கோட்டை அல்ல அது. ஊரோடு ஊராகக் கலந்து நிற்கிறது. 1468இல் லூசியானோ லௌரானாவைக் கட்டடப் பொறுப்பில் அமர்த்தும்போது, கட்டடக் கலைஞர்களின் ஊற்று என்று பெயர்பெற்ற டஸ்கனியில் தேடியும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று ஃபெடெரிகோ ஆணையிலேயே எழுதினார். பின்னால் சியெனாக்காரர் பிரான்செஸ்கோ டி ஜோர்ஜோ மார்டினி வந்து வேலையைத் தொடர்ந்தார். உள்முற்றத்தின் தூண்வரிசை அளவெடுத்துப் பாடிய பாட்டுப் போல இருக்கும். பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் இரண்டு ஒல்லிக் கோபுரங்கள், நடுவில் அடுக்கடுக்காக மாடங்கள்.

எல்லோரும் மேல்மாடிக்கே ஓடுவார்கள். கீழே இறங்கிப் பாருங்கள் என்று நான் சொல்வேன். சமையலறை, குதிரை லாயம், குளியலறை, பனிக்கட்டி சேமிக்கும் அறை என்று ஒரு முழு ஊரே தரைக்கடியில் இருக்கிறது. ஐந்நூறு பேருக்கு மேல் தினமும் சாப்பிட்ட வீடு அது. ஊருக்கு வெளியே இருந்த சந்தைத் திடலிலிருந்து குதிரையில் ஏறியபடியே மேலே வர, திருகுபோலச் சுழலும் சரிவுப்பாதை ஒன்றையும் பிரான்செஸ்கோ டி ஜோர்ஜோ கட்டினார். இன்றும் அதில் நடக்கலாம்.

மேல்மாடியில் நேரம் செலவிட வேண்டிய இடம் ஒன்றுதான்: ஸ்டூடியோலோ என்ற படிப்பறை. பக்கத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர்தான் வரும். சுவரின் கீழ்ப்பாதி முழுக்க மரம். வாதுமை, பேரி, ஓக் என்று பல நிற மரங்களை மெலிதாக அறுத்து, துண்டு துண்டாகப் பொருத்திச் செய்த வேலை. வண்ணம் தீட்டவே இல்லை. ஆனாலும் அலமாரிக் கதவு பாதி திறந்திருப்பது போலவும், உள்ளே புத்தகம் சாய்ந்து கிடப்பது போலவும், யாழ் ஒன்றை இப்போதுதான் வைத்துவிட்டுப் போனது போலவும் தெரியும். ஒரு பக்கம் கிளிக்கூண்டு. ஒரு பக்கம் கழற்றி வைத்த கவச உடுப்பு. மேடைமேல் ஒரு பழக்கூடை, அருகில் கொட்டையைக் கொறிக்கும் அணில், அதற்கும் பின்னால் தூரத்து மலைகள். எல்லாம் தட்டைப் பலகை. இன்னொரு மூலையில் ஃபெடெரிகோவே நிற்கிறார், ஈட்டிமுனையைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி. போர் முடிந்து வீட்டுக்கு வந்தவன் நிற்கும் நிலை அது. மேல்பாதியில் பிளாட்டோ முதல் தாந்தே வரை 28 பெரியவர்களின் ஓவியங்கள் இருந்தன.

நூலகம் பற்றிக் கேள்விப்பட்டேன். அச்சுப் புத்தகமே இல்லையாமே?

வெஸ்பாசியானோ அப்படித்தான் எழுதுகிறார். அச்சுப் புத்தகம் அந்தக் கூட்டத்தில் நின்றால் வெட்கப்பட்டிருக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவரே கையெழுத்துப் பிரதி வியாபாரி என்பதால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக் கேட்க வேண்டும். நூலகத்துக்கு 30,000 டூகட் பொற்காசுக்கு மேல் செலவானதாகவும் அவர்தான் சொல்கிறார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் சேர்த்துச் சுமார் 900 கையெழுத்துப் பிரதிகள். எபிரேய விவிலியம் ஒன்று வோல்டெர்ரா கொள்ளையில் கிடைத்தது என்பார்கள். புத்தக அலமாரிக்கும் போர்க்களத்துக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான்.

மலடெஸ்டா குடும்பத்தோடு என்ன பகை?

பக்கத்து வீட்டுப் பகை. கடற்கரை ரிமினி அவர்களுடையது, மலை இவர்களுடையது, நடுவில் இருக்கும் ஒவ்வொரு கோட்டைக்கும் சண்டை. 1441இல் அவர்கள் வசமிருந்த சான் லியோ பாறையை, இருபது வயதுகூட ஆகாத ஃபெடெரிகோ இரவில் ஆட்களை ஏறவிட்டுப் பிடித்தார். ஒரே ஒரு பாதை உள்ள, பிடிக்கவே முடியாது என்று பேர்போன இடம் அது. 1463இல் சிஜிஸ்மோன்டோ மலடெஸ்டா அடியோடு தோற்றார். குட்டிக் குடியரசான சான் மரினோ ஃபெடெரிகோ பக்கம் நின்றதால் செர்ரவால்லே, ஃபயெடானோ முதலிய ஊர்கள் அதற்குக் கிடைத்தன. சான் மரினோவின் எல்லை அதற்குப் பிறகு இன்றுவரை மாறவில்லை.

பிறகு ஏன் வம்சம் முடிந்தது?

1474இல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் ஃபெடெரிகோவை டியூக் ஆக்கினார். 1482 செப்டம்பரில், ஃபெராராவுக்காக வெனிஸை எதிர்த்து நடத்திய போரின்போது சதுப்புநிலக் காய்ச்சலில் இறந்தார். மகன் குய்டோபால்டோவுக்கு அப்போது பத்து வயது. படித்தவர், மென்மையானவர், ஆனால் கீல்வாதம் இளமையிலேயே முடக்கிவிட்டது. எலிசபெட்டா கோன்சாகாவோடு திருமணம், குழந்தை இல்லை.

1502 ஜூனில் செசாரே போர்ஜியா, நண்பனைப் போல நடித்துத் திடீரென்று படையைத் திருப்பி உர்பினோவைப் பிடித்தார். குய்டோபால்டோ உயிர்பிழைத்து ஓடினார். அந்தக் கோடையில் போர்ஜியாவின் பொறியாளராக லியோனார்டோ டா வின்சியும் உர்பினோவில் இருந்தார். போர்ஜியாவின் தகப்பனான போப் ஆறாம் அலெக்சாண்டர் 1503 ஆகஸ்டில் செத்ததும் மலைக்கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின, பழைய டியூக் திரும்பினார். மக்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். வரியைக் குறைத்து வாழவிட்ட குடும்பத்துக்குக் கிடைத்த பதில் அது.

அதற்குப் பிறகு வந்த சில வருடங்கள்தான் உர்பினோ பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோயின. டியூக் சீக்கிரம் படுக்கப் போய்விடுவார். எலிசபெட்டாவைச் சுற்றி அரசவையினர் உட்கார்ந்து இரவு முழுக்கப் பேசுவார்கள். அங்கே இருந்த பால்தசாரே காஸ்டிலியோனே, அந்தப் பேச்சை 1507 மார்ச்சில் நான்கு இரவுகள் நடந்ததாக அமைத்து ஒரு நூல் எழுதினார். நல்ல அவையினர் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். 1528இல் அச்சாகிப் பல மொழிகளுக்குப் போனது. அது வெளிவந்தபோது, அதில் பேசுபவர்களில் பலர் உயிரோடு இல்லை.

ரஃபாயேலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

அவருடைய தகப்பனார் ஜோவன்னி சான்டி இந்த அரசவையின் ஓவியர். ஃபெடெரிகோவைப் பற்றி நீண்ட செய்யுள் வரலாறும் எழுதியவர். ரஃபாயேல் 1483இல், ஃபெடெரிகோ இறந்த மறு வருடம், உர்பினோவில் பிறந்தார். அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. ரோமில் அவரோடு சேர்ந்து உலவிய கட்டடக் கலைஞர் பிரமான்டேயும் உர்பினோவுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

அந்தச் செல்வமெல்லாம் இப்போது எங்கே?

மலையில் இருப்பது கொஞ்சம்தான். டெல்லா ரோவெரே கிளையின் கடைசி வாரிசு விட்டோரியா மெடிச்சி குடும்பத்துக்கு மருமகளாகப் போனபோது, பியரோவின் இரட்டைப் படமும், டிஷியன் வரைந்த உர்பினோவின் வீனஸும் ஃபிளாரன்ஸுக்குச் சீதனமாகப் போயின. நூலகத்தை 1657இல் போப் ஏழாம் அலெக்சாண்டர் வத்திக்கானுக்கு எடுத்துக்கொண்டார். கவச உடையில் ஃபெடெரிகோ மண்டியிடும் பியரோவின் பெரிய பலிபீட ஓவியம் நெப்போலியன் காலத்தில் மிலானுக்குப் போனது. படிப்பறையின் 28 ஓவியங்களில் 14 உர்பினோவில், 14 பாரிஸின் லூவரில். ஃபெடெரிகோ குப்பியோவில் செய்வித்த இன்னொரு மரப் படிப்பறை முழுசாகவே கழற்றப்பட்டு, 1939இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

உர்பினோவிலேயே தங்கியவற்றில் உச்சம், பியரோவின் 'கசையடி' ஓவியம். ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத பலகை. 1975 பிப்ரவரியில் அதையும் ரஃபாயேலின் ஒரு பெண் உருவப்படத்தையும் இன்னொரு பியரோவையும் இரவோடிரவாகத் திருடிவிட்டார்கள். மறு வருடம் சுவிட்சர்லாந்தின் லோகார்னோவில் மூன்றும் கிடைத்தன.

கோட்டைகள் இன்னும் இருக்கின்றனவா?

நிறைய. ஆமை வடிவில் பிரான்செஸ்கோ டி ஜோர்ஜோ வடிவமைத்த சாஸ்ஸோகோர்வாரோ கோட்டைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில், மார்கே பகுதியின் கலைச்செல்வப் பொறுப்பாளராக இருந்த பஸ்குவாலே ரோட்டோண்டி, வெனிஸ், மிலான் முதல் பல இடங்களிலிருந்து வந்த ஓவியங்களை அங்கேயும் கார்பேன்யா மாளிகையிலும் பதுக்கினார். மொத்தம் சுமார் 10,000 கலைப்பொருட்கள். ஜெர்மன் படை பக்கத்தில் வந்ததும், ஜோர்ஜோனேயின் 'புயல்' முதலிய சிலவற்றைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தார். போரால் சம்பாதித்துக் கட்டிய கோட்டை, இன்னொரு போரிலிருந்து இத்தாலியின் ஓவியங்களைக் காத்தது.

சான் லியோ கோட்டை போப் ஆட்சியில் சிறையானது. மாயவித்தைக்காரர் கல்யோஸ்ட்ரோவை அங்கே கூரையில் இருந்த திறப்பு வழியாக இறக்கிய அறையில் அடைத்தார்கள். ஒரே ஜன்னல், அதிலிருந்து தெரிவது ஊரின் தேவாலயங்கள். 1795 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். 2014இல் பாறையின் ஒரு பக்கம் பெரிதாகச் சரிந்து விழுந்தது. ஊர் தப்பியது.

இன்றைய மக்களுக்கு இந்தப் பழைய பெயர் ஏதாவது அர்த்தம் தருகிறதா?

மரேக்கியா பள்ளத்தாக்கின் ஏழு ஊர்கள் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 2009இல் மார்கேயை விட்டு எமிலியா-ரோமான்யாவுக்கு மாறின. ரிமினிதான் அவர்களுக்குப் பக்கத்து நகரம், மருத்துவமனைக்கும் வேலைக்கும் அங்கேதான் போக வேண்டும். மாநிலம் மாறினாலும் ஊர்ப்பெயர்களில் 'ஃபெல்ட்ரியா' அப்படியே இருக்கிறது: நோவாஃபெல்ட்ரியா, சான்ட்'அகாடா ஃபெல்ட்ரியா. அந்தக் கடைசி ஊரில் அக்டோபரில் டிரஃபிள் காளான் சந்தை கூடும். டலமெல்லோவில் பாலாடைக்கட்டியைக் கோடையில் மண்குழிக்குள் மூடிவைத்து இலையுதிர்காலத்தில் எடுக்கிறார்கள். உர்பினோவில் குய்டோபால்டோ 1506இல் தொடங்கிய கல்விக்கூடம் பல்கலைக்கழகமாக வளர்ந்து, பழைய ஊருக்குள் மாணவர் கூட்டத்தை நிரப்பிவைத்திருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

உர்பினோ. ரயில் அங்கே போகாது. கடற்கரையில் பேசரோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், சுமார் 35 கிலோமீட்டர். காலையில் முதல் ஆளாக அரண்மனைக்குள் போனால் படிப்பறையில் கொஞ்ச நேரமாவது தனியாக நிற்கலாம். மரச்சுவரை நேராகப் பார்க்காமல், கதவருகே நின்று சாய்வாகப் பாருங்கள். அலமாரிக் கதவுகள் உங்கள் பக்கம் திறப்பது அந்த இடத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும். பிறகு அதே அறையை ஒட்டிய மாடத்துக்கு வாருங்கள். அணிலுக்குப் பின்னால் மரத்தில் பார்த்த மலைகள், அங்கே நிஜமாக நிற்கும்.